அக்யூரசி வேறு, பிரிசிஷன் வேறு: உங்கள் அளவுக் கருவி எந்தத் தப்பு செய்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

அரை கிலோ படிக்கல் ஒன்றை எடை மெஷினில் வைக்கிறீர்கள். 507 கிராம் காட்டுகிறது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாலும் 507. பத்து முறை வைத்துப் பார்த்தாலும் 506, 507, 508 என்ற மூன்று எண்களைத் தாண்டவில்லை. பக்கத்தில் இன்னொரு மெஷின். அதே கல்லுக்கு அது 496, 505, 499, 503, 494, 501, 506, 498, 502, 497 என்று ஆடுகிறது. ஆனால் இந்தப் பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 500.1 வருகிறது.

முதல் மெஷினுக்குப் பிரிசிஷன் இருக்கிறது, அக்யூரசி இல்லை. இரண்டாவதற்கு அக்யூரசி இருக்கிறது, பிரிசிஷன் இல்லை. தமிழில் இரண்டையுமே ‘துல்லியம்’ என்று சொல்லிவிடுகிறோம். அதனால்தான் கடைக்காரரிடம் “மெஷின் துல்லியமா இல்லீங்க” என்று புகார் செய்தால் அவர் கல்லை இரண்டு முறை வைத்து ஒரே எண்ணைக் காட்டி, “பாருங்க, கரெக்டாத்தானே இருக்கு” என்கிறார். நீங்கள் கேட்டது ஒன்று, அவர் காட்டியது வேறொன்று.

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். உண்மையான அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது அக்யூரசி. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் விடைகள் தங்களுக்குள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது பிரிசிஷன். அக்யூரசியைச் சோதிக்க உண்மையான அளவு என்னவென்று தெரிந்த ஒரு பொருள் கையில் வேண்டும். பிரிசிஷனைச் சோதிக்க அது தேவையில்லை, ஒரு செங்கல் போதும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தொழில்முறை ஆட்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. 1994-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 5725 தரநிலையில் அக்யூரசி என்பது குடைச்சொல். அதற்குள் ட்ரூநெஸ், பிரிசிஷன் என்று இரண்டு அடங்கும். சராசரி உண்மையளவுக்கு நெருக்கமாக இருப்பது ட்ரூநெஸ். அந்தக் கணக்கில் ஆடுகிற இரண்டாவது மெஷினை ‘அக்யூரேட்’ என்று எழுத முடியாது, ‘ட்ரூ’ என்றுதான் எழுத வேண்டும். லேப் ரிப்போர்ட், ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பாடத்திலும் பட்டறையிலும் பழைய பொருளில்தான் அக்யூரசி புழங்குகிறது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

சோதனைக்கு என்ன வேண்டும்

வீட்டு எடை மெஷினையே எடுத்துக்கொள்வோம். மற்றக் கருவிகளுக்கும் முறை இதேதான்.

முத்திரை குத்திய படிக்கல் கிடைத்தால் அதுதான் சிறந்தது. 100, 200, 500 கிராம், 1 கிலோ என்று நான்கு கல் இருந்தால் வேலை சுத்தமாக முடியும். மளிகைக் கடையில் பத்து நிமிடம் இரவல் கேட்டால் போதும். கிடைக்கவில்லை என்றால் நாணயம் உதவும். 2011-இல் ரூபாய்க் குறியீட்டுடன் வந்த வரிசையில் 5 ரூபாய்க் காசு 6 கிராம், 23 மி.மீ. அகலம். தானியக் கதிர் வேலைப்பாட்டுடன் 2019-இல் வந்த வரிசையில் அதே 5 ரூபாய் 6.74 கிராம், 25 மி.மீ. அகலம். இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கு போச்சு. பழைய வரிசைக் காசு பத்தைச் சேர்த்து வைத்தால் 60 கிராம். ஒற்றைக் காசில் தேய்மானமும் வார்ப்பு வித்தியாசமும் இருக்கும், பத்தாகச் சேரும்போது அது ஓரளவு சமன்படும். அதிகம் தேயாத காசுகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

எதைக் கொண்டு சோதிக்கக் கூடாது என்பதும் முக்கியம். ‘1 கிலோ’ என்று அச்சடித்த உப்புப் பாக்கெட் படிக்கல் ஆகாது. கவரின் எடை தனி. அதோடு, உள்ளே இருப்பதும் தனிப் பாக்கெட்டுக்கு 15 கிராம் வரை பிசக இந்தியப் பொட்டல விதிகள் இடம் தருகின்றன. அரை லிட்டர் பால் பாக்கெட்டும் ஆகாது. பால் தண்ணீரைவிடக் கனம், அரை லிட்டர் சுமார் 515 கிராம் வரும். அதை வைத்துப் பார்த்துவிட்டு மெஷின்மேல் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய. தண்ணீரை அளந்து ஊற்றலாம்தான். நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் இல்லை, கிட்டத்தட்ட 995. ஆனால் லிட்டரை அளக்கும் குவளை சரியா என்ற கேள்வி உடனே வந்துவிடும். ஒரு கருவியைச் சோதிக்க, அதைவிட மோசமான கருவியைக் கொண்டுவந்து பயனில்லை.

முதலில் பிரிசிஷன், பிறகுதான் அக்யூரசி

இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆடுகிற மெஷினில் கல்லை ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்து “3 கிராம் கம்மி” என்று முடிவு கட்டினால், அது மெஷினின் நிரந்தரக் குணமா அந்த ஒரு முறை வந்த ஆட்டமா என்று சொல்லவே முடியாது.

மெஷினைக் கெட்டியான சமதளத்தில் வையுங்கள். கிரானைட் மேடை நல்லது. பிளாஸ்டிக் ஸ்டூல், மெத்தை விரிப்பு, கால் ஆடுகிற மேஜை கூடாது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். புது பேட்டரி போடுங்கள். மெஷினை ஆன் செய்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கல்லைத் தட்டின் நடுவில் வைத்து, எண் நின்றதும் குறித்துக்கொண்டு, கல்லை முழுதாக எடுத்து, பூஜ்யம் வந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வையுங்கள். பத்து முறை. கல்லை எடுக்காமல் ஒரே எண்ணைப் பத்து முறை எழுதுவது பத்து அளவு ஆகாது. அது ஓர் அளவுதான்.

இப்போது இரண்டு கணக்கு. பத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், அதுதான் பரவல். முதல் மெஷினுக்கு 508 கழித்தல் 506, ஆக 2 கிராம். இரண்டாவதற்கு 506 கழித்தல் 494, ஆக 12 கிராம். இது பிரிசிஷனின் அளவு. அடுத்து, பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்துச் சராசரி எடுத்து, அதிலிருந்து கல்லின் உண்மை எடையைக் கழியுங்கள். முதல் மெஷினுக்கு 507.1 கழித்தல் 500, ஆக 7.1 கிராம் கூடுதல். இரண்டாவதற்கு 0.1. இது அக்யூரசிப் பிசகு. ஆங்கிலத்தில் இதை ‘பயஸ்’ என்பார்கள்.

எக்செல் தெரிந்தவர்கள் பரவலுக்குப் பதில் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற எண்) எடுத்தால் இன்னும் நல்லது. முதலாவதற்கு 0.57, இரண்டாவதற்கு 3.96 வரும். அதில் ஒரு லாபமும் உண்டு. திட்ட விலக்கத்தை, எத்தனை முறை அளந்தோமோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். இரண்டாவது மெஷினுக்கு 3.96 வகுத்தல் 3.16, சுமார் 1.25. அந்தச் சராசரியே இதைப் போல இருமடங்கு, அதாவது இரண்டரை கிராம் வரை, இப்படியோ அப்படியோ இருக்கக்கூடும் என்று இதற்கு அர்த்தம். ஆகவே ‘0.1 கிராம்தான் பிசகு’ என்று அந்த மெஷினுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. ‘இரண்டரை கிராமுக்கு மேல் பிசகு இருப்பதாகத் தெரியவில்லை’ என்று மட்டும்தான் சொல்லலாம். பிரிசிஷன் குறைவாக இருந்தால் அக்யூரசியை அறிவதற்கே ஒரு எல்லை வந்துவிடுகிறது. வரிசை முக்கியம் என்றது இதனால்தான்.

கடைசியாக மூலைச் சோதனை. அதே கல்லைத் தட்டின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை வையுங்கள். நடுவில் 500, வலது மூலையில் 493 என்று வந்தால், வீட்டில் நீங்கள் பார்த்த ஆட்டத்தில் பெரும்பங்கு மெஷினுடையது அல்ல, பாத்திரத்தை இடம் மாற்றி மாற்றி வைத்ததுடையது.

பிரிசிஷன் கெட்டால்

பெரும்பாலும் காரணம் வெளியில்தான் இருக்கும்: காற்று, அதிர்வு, இறங்கிய பேட்டரி, தட்டுக்கு அடியில் சிக்கிய கோதுமை மணி, மேஜையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் கைப்பிடி, நான்கில் ஒன்று தேய்ந்த ரப்பர் கால். ஒவ்வொன்றாக விலக்கி, ஒவ்வொரு முறையும் ஐந்து அளவு எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

காரணம் கிடைக்கவில்லை என்றால் சராசரியை நம்பி வாழலாம். நான்கு முறை அளந்து சராசரி எடுத்தால் ஆட்டம் பாதியாகும். கால்பங்காக்க 16 முறை, பத்தில் ஒன்றாக்க 100 முறை. நான்குக்கு மேல் போவதைவிடப் புது மெஷின் வாங்குவது மலிவு. கவனிக்க வேண்டியது ஒன்று: சராசரி மருந்து பிரிசிஷனுக்கு மட்டும்தான். 507 காட்டுகிற மெஷினில் ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தாலும் 507தான் வரும். “நிறைய தடவை அளந்தேன், அதனால் சரியாகத்தான் இருக்கும்” என்ற வாதத்தின் ஓட்டை இதுவே.

சமையலறை மெஷின்களில் ஒரு தனி வில்லங்கம் உண்டு. கிண்ணத்தை வைத்து டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யம் செய்துவிட்டு, ஈஸ்ட்டையோ உப்பையோ சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் எண் அசையாமல் 0-விலேயே நிற்கும். பூஜ்யம் தானாக நகர்ந்துவிடாமல் இருக்க, மெதுவான சிறு மாற்றங்களை மெஷின் விழுங்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். அது கெட்டுப்போகவில்லை. பொருளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஒரே தடவையில் கொட்டுங்கள். அல்லது தட்டில் முதலில் 50 கிராம் எடையை டேர் செய்யாமல் வைத்துவிட்டு, அதன்மேல் சேருவதைக் கழித்துப் பாருங்கள்.

அக்யூரசி கெட்டால்

இங்கே ஒரு கல் போதாது, இரண்டு மூன்று வேண்டும். 500-க்கு 507 காட்டும் மெஷினில் 100, 200, 1,000 கிராமையும் வைத்துப் பாருங்கள்.

107, 207, 507, 1,007 என்று வந்தால் எல்லா இடத்திலும் அதே 7 கூடுதல். பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. தட்டைத் துடைத்து, காலியாக வைத்து, டேர் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாறாக 101, 203, 507, 1,014 என்று வந்தால் பிசகு எடையோடு சேர்ந்து வளர்கிறது, ஒவ்வொரு கிராமும் 1.4 சதவீதம் கூடுதலாகக் காட்டப்படுகிறது. டேர் இதைச் சரிசெய்யாது. காலிபரேஷன் செய்ய வேண்டும், அதாவது எடை தெரிந்த கல்லை வைத்து மெஷினைத் திருத்த வேண்டும், அல்லது காட்டும் எண்ணை 1.014-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிவது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 7 கிராம் நிலையான பிசகு அரை கிலோ மாவில் 1.4 சதவீதம், யாருக்கும் தெரியாது. அதே 7 கிராம் 50 கிராம் ஏலக்காயில் 14 சதவீதம். வளரும் பிசகில் அந்தப் பேதம் இல்லை, சிறிது பெரிது எல்லாவற்றிலும் அதே பங்கு.

சிறிய மின்னணு மெஷின்களில் காலிபரேஷன் வழி பொதுவாக இப்படி: மோட் அல்லது யூனிட் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேல் (CAL) என்று வரும். மறுபடி அழுத்தினால் எந்தக் கல் வேண்டும் என்று ஓர் எண் மின்னும். அந்தக் கல்லை நடுவில் வைத்துக் காத்திருந்தால் பாஸ் என்று வரும். மாடலுக்கு மாடல் பட்டன் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். 500 கேட்கும்போது 500 கிராம் சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பாக்கெட்டின் பிசகு முழுவதும் மெஷினுக்குள் குடியேறிவிடும். அதன்பிறகு மெஷின் அழகாக, ஒரே சீராக, தப்பாகக் காட்டும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல மெஷின் இங்கே 1 கிலோவை 997 என்று காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். மெஷினுக்குள் எடையை உணரும் லோட்செல் என்ற பாகம் அளப்பது புவியீர்ப்பு இழுக்கும் விசையை. லண்டனில் புவியீர்ப்பு முடுக்கம் 9.812, சென்னையில் 9.783. வித்தியாசம் சுமார் 0.3 சதவீதம், கிலோவுக்கு 3 கிராம். மெஷின் பழுதே இல்லை, பிரிசிஷன் அப்படியே இருக்கும். இங்கே ஒரு முறை காலிபரேட் செய்தால் தீர்ந்தது. இருபக்கத் தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது, கல்லையும் சரக்கையும் ஒரே புவி இழுக்கிறது.

கடையில் வியாபாரத்துக்குப் பயன்படும் மெஷினை மட்டும் நீங்களே திறந்து சரிசெய்யக் கூடாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி அது முத்திரையிடப்பட்டது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் பார்க்கும் வேலை அது, மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் சோதனைக் கேனில் ஊற்றிக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 25 மில்லி வரை கூடக் குறைய அனுமதி. ஒரு முறை ஊற்றினால் பிசகு மட்டும் தெரியும், ஆட்டம் தெரியாது. இரண்டாவது முறையும் கேட்டுப் பாருங்கள்.

ஆள் நிற்கும் எடை மெஷின்: போலிப் பிரிசிஷன்

குளியலறையில் வைக்கும் டிஜிட்டல் மெஷினில் ஏறினால் 68.4. இறங்கி ஏறினால் 68.4. மூன்றாம் முறையும் 68.4. பிரமாதம் என்று தோன்றும். இவற்றில் பல மெஷின்கள் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, புது அளவு அதற்குச் சற்றே அருகில் இருந்தால் பழைய எண்ணையே காட்டுகின்றன. வாங்குகிறவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

பிடிப்பது சுலபம். ஏறி எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள். அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்து மறுபடி ஏறுங்கள். எண் மாறவே இல்லை என்றால் ஞாபக வித்தை நடக்கிறது. உண்மையான பிரிசிஷன் வேண்டுமென்றால் இரண்டு அளவுகளுக்கு நடுவே 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை ஏறி அதன் நினைவைக் கலைத்துவிடுங்கள். டயட்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். அவர்கள் பார்ப்பது போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம். மெஷின் எப்போதும் 2 கிலோ கூட்டிக் காட்டினாலும் அந்த வித்தியாசம் சரியாகத்தான் வரும். அவர்களுக்கு வேண்டியது பிரிசிஷன், அக்யூரசி அல்ல. விமான நிலையத்தில் பெட்டி எடையை எண்ணி வீட்டில் அளப்பவருக்கு நேர்மாறு.

பிபி, சுகர் மெஷின்கள்

இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று விளங்க வேண்டுமென்றால் பிபி மெஷினுக்கான ஐ.எஸ்.ஓ. 81060-2 தரநிலையைப் பார்க்கலாம். குறைந்தது 85 பேரிடம் சோதிக்கச் சொல்கிறது. தேர்ச்சிக்கு இரண்டு தனி எண்கள்: சராசரிப் பிசகு 5 மி.மீ. பாதரசத்துக்குள், திட்ட விலக்கம் 8-க்குள். முதல் எண் அக்யூரசிக்கு, இரண்டாவது பிரிசிஷனுக்கு. ஒன்றில் தேறி மற்றதில் தவறினால் மெஷின் தேறாது.

வீட்டில் அளக்கும்போதும் இரண்டு வகைத் தப்பு நடக்கும். சின்ன கஃப்பை பருத்த கையில் சுற்றினால் எப்போதும் கூடுதலாகவே காட்டும். கையைத் தொங்கப் போட்டு, கஃப் இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தால் 7 அல்லது 8 கூடும். இவை அக்யூரசியைக் கெடுப்பவை, எத்தனை முறை அளந்தாலும் போகாது. பேசிக்கொண்டே அளப்பது, படியேறி வந்தவுடன் அளப்பது, ஒரு நாள் காபிக்கு முன்பும் ஒரு நாள் பின்பும் அளப்பது ஆகியவை எண்ணை ஏற்றி இறக்கி ஆட வைக்கும். அரைமணி நேரம் காபி, டீ, புகை இல்லாமல், முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரியை எழுதுங்கள். மெஷினை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று, அங்கே அளக்கும்போதே உங்களுடையதிலும் அளந்து ஒப்பிடுவது அக்யூரசிச் சோதனை. வீட்டில் தொடர்ந்து ஒரே எண் வருகிறது என்று நிம்மதி அடைவது அந்தச் சோதனையே அல்ல. ஆடுகிற மெஷினையாவது மனிதர் சந்தேகப்படுவார். ஒரே சீராகப் பொய் சொல்லும் மெஷின்தான் மாத்திரை அளவு வரை போய் நிற்கும்.

சுகர் மெஷினுக்கு ஐ.எஸ்.ஓ. 15197-இன் 2013 பதிப்பு சொல்வது: 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி. கூடக் குறைய, 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் கூடக் குறைய, நூற்றுக்கு 95 அளவுகள் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். லேபில் 120 என்றால் வீட்டில் 102 முதல் 138 வரை எது வந்தாலும் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. காலை 118, மறுநாள் 126 என்பதற்காக முந்தின இரவு தின்ற தோசையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் வரும் எண் வேறு சங்கதி, பழச்சாறு ரத்தத்தோடு கலந்து கணிசமாக ஏற்றிவிடும். லேபோடு ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில், ரத்தம் கொடுத்த சில நிமிடங்களுக்குள் விரலிலும் குத்துங்கள். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை, லேபில் ஊசி குத்தி எடுக்கும் சிரை ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும், அந்த ஒப்பீடு செல்லாது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்து ஈரம் பட்டுப்போனால் இரண்டு குணமும் சேர்ந்து கெடும். இந்த எண்களை வைத்து மாத்திரையை நீங்களே கூட்டிக் குறைக்காதீர்கள், எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

சமையல் தெர்மாமீட்டருக்கு இதெல்லாம் தேவையில்லை. பொடித்த ஐஸைக் கிளாஸ் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனை அடியையோ பக்கவாட்டையோ தொடாமல் மூன்று நிமிடம் பிடித்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 டிகிரி குறையும். பெங்களூரில் 97, உதகையில் 92-93 வந்தால் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள்

திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பது மூன்றாவது விஷயம், அதற்கு ரெசல்யூஷன் என்று பெயர். 0.01 கிராம் வரை காட்டும் மெஷின் 0.3 கிராம் ஆடலாம். அப்போது கடைசி இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை. போனில் இடத்தைக் குறித்தால் ஆறு தசம இலக்கம் வரும். ஆறாவது இலக்கம் தரையில் 11 செ.மீ. தூரம். திறந்த வெளியிலேயே போனின் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குத்தான் சரியாக இருக்கும்.

காய்ச்சலுக்கு நாம் எல்லோரும் சொல்லும் 98.6 இப்படி வந்த எண்தான். ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் 1868-இல் வெளியிட்ட நூலில் உடல் வெப்பத்தைச் செல்சியஸில் 37 என்று வைத்தார். அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. மூலத்தில் இல்லாத நுணுக்கம் அந்த .6-இல் வந்து உட்கார்ந்துகொண்டது, இன்றைக்கும் 98.8 என்றால் வீட்டில் ஒரு பதற்றம். அலகு மாற்றும்போது மூலத்தில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கதோ அத்தனையோடு நிறுத்துங்கள். 22-ஐ 7-ஆல் வகுத்துக் கால்குலேட்டர் காட்டும் 3.142857142-ஐ அப்படியே விடைத்தாளில் எழுதுவதும் இதே கதை. வட்டக் கணக்கில் வரும் பை (π) எண்ணின் மதிப்பாக அதில் 3.14 வரைதான் சரி, மீதி ஏழு இலக்கமும் தப்பு.

எழுதும்போதும் வாங்கும்போதும்

ஆங்கிலத்தில் எழுதும்போது குழப்பம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது தப்பாக இருக்க முடியுமா? ‘அக்யூரேட்’ என்று சொன்ன பிறகு தப்பாக இருக்க முடியாது. ‘பிரிசைஸ்’ என்று சொன்ன பிறகும் தப்பாக இருக்கலாம். “பஸ் 4.37-க்கு வரும்” என்பது பிரிசைஸான பேச்சு. பஸ் 5.10-க்கு வந்தால் அது அக்யூரேட் இல்லை. “நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் வரும்” என்றவர் பிரிசைஸாகப் பேசவில்லை, ஆனால் சொன்னது அக்யூரேட். செய்தியை, மொழிபெயர்ப்பை, வரலாற்றுத் தகவலைப் பாராட்ட ‘அக்யூரேட்’. வழிகாட்டுதலை, வரையறையை, அறுவைச் சிகிச்சைக் கத்தியின் அசைவைப் பாராட்ட ‘பிரிசைஸ்’.

மெஷின் வாங்கும்போது டப்பாவின்மேல் ‘ஹை பிரிசிஷன்’ என்று பெரிதாக இருப்பதை மறந்துவிட்டு, உள்ளே இருக்கும் காகிதத்தில் நான்கு வரிகளைத் தேடுங்கள். ரீடபிலிட்டி என்பது கடைசி இலக்கம், அவ்வளவுதான். ரிப்பீட்டபிலிட்டி என்பது பிரிசிஷன், 0.01 கிராம் மெஷினில் இது 0.01 அல்லது 0.02-க்குள் இருந்தால் நல்லது. லீனியாரிட்டி என்பது சிறிய எடை முதல் பெரிய எடை வரை அக்யூரசி எப்படி நிற்கிறது என்பது. நான்காவது, காலிபரேஷன் கல் கூடவே வருகிறதா, வந்தால் அந்தக் கல் எந்தத் தர வகுப்பு: எம்1 என்றால் வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் தாராளம், நகைப் பட்டறைக்கு எஃப்1 அல்லது எஃப்2 பார்க்க வேண்டும். முதல் வரி மட்டும் இருந்து மற்ற மூன்றும் இல்லை என்றால், அந்த மெஷின் எத்தனை இலக்கம் காட்டும் என்பதைத்தான் உங்களுக்கு விற்கிறார்கள். கடையிலேயே ஒரு படிக்கல் கேட்டு வாங்கி ஐந்து முறை நடுவிலும் நான்கு முறை மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.